மலைக்குப் போக பேக் வாங்குறீங்களா? முதுக அளந்துட்டு கடைக்குப் போங்க

ட்ரெக்கிங் பேக் ஒண்ணு வாங்கணும்னு வாயத் தொறந்தாலே எதிர்ல இருக்கறவர் கேக்குற முதல் கேள்வி "எத்தனை லிட்டர்?" அங்கயே 40ஆ 60ஆன்னு பஞ்சாயத்து ஆரம்பிச்சிடும். லிட்டர்னா பேக்குக்குள்ள எவ்வளவு இடம் இருக்குங்கற அளவு, அது முக்கியம்தான், ஆனா அது ரெண்டாவது கேள்வி. அந்த பேக் உங்க முதுகு நீளத்துக்கு சேருதா, வெயிட்ட இடுப்புக்கு இறக்குதாங்கறத முதல்ல பார்க்கணும், அத விட்டுட்டு கலரையும் எத்தனை ஜிப் இருக்குன்னும் பார்த்து வாங்குனவங்கதான் பாதி மலையில பேக்க கழட்டி கூட வந்தவன் தலையில கட்டுறது.

ஸ்கூல் பேக், லேப்டாப் பேக் எல்லாம் மொத்த வெயிட்டையும் தோள்ல தொங்க விடுற டைப். ரெண்டு மூணு கிலோ, பஸ் ஸ்டாப் வரைக்கும் நடை, ஒண்ணும் தெரியாது. அதே பேக்ல பத்து கிலோ போட்டு மூணு மணி நேரம் மேல ஏறிப் பாருங்க, ஸ்ட்ராப் தோள வெட்டும், கழுத்து இறுகும், பேக் பின்னால இழுக்கும், நீங்க அத சமாளிக்க முன்னால குனிவீங்க, அப்புறம் நடு முதுகு வலி வேற தனியா வரும். ஊர்ல தண்ணிக் குடத்த இடுப்புல வச்சு தூக்கிட்டு வர்றத பார்த்திருப்பீங்கல்ல, அதே கணக்குதான் இங்கயும், இடுப்பெலும்பு மேல உக்கார வச்ச வெயிட் நேரா காலுக்குப் போயிடுது, உடம்புலயே பெரிய தசை தொடையிலயும் பின்பக்கத்துலயும்தான் இருக்கு, அது தாங்கும். நல்ல ட்ரெக்கிங் பேக்ல பஞ்சு வச்ச ஹிப் பெல்ட் இருக்கும், சரியா மாட்டுனா வெயிட்ல பெரும்பங்கு, 70, 80 சதவீதம் வரைக்கும் இடுப்புக்குப் போயிடும்னு சொல்வாங்க. தோள் ஸ்ட்ராப்புக்கு அப்புறம் பெரிய வேலை இல்ல, பேக் பின்னால சாயாம பிடிச்சு வச்சா போதும்.

ஆனா ஹிப் பெல்ட் மட்டும் இருந்தா வெயிட் இடுப்புக்கு வந்துடாது, மேல இருக்கற லோட கீழ கொண்டு வர நடுவுல விறைப்பா ஒண்ணு வேணும், அதுதான் ஃப்ரேம். முதுகுப் பக்கத்துல உள்ள ரெண்டு அலுமினியப் பட்டையோ, கெட்டியான பிளாஸ்டிக் ஷீட்டோ, சுத்தி ஒரு கம்பி வளையமோ இருக்கும். 1952 வாக்குல கலிஃபோர்னியாவுல டிக் கெல்டின்னு ஒருத்தர் அலுமினிய ஃப்ரேம் வச்ச பேக்க வீட்டுலயே செஞ்சு விக்க ஆரம்பிச்சார், ஃப்ரேம் வெளிய தெரியும். 1967ல கிரெக் லோவ் அந்த ஃப்ரேம பேக்குக்கு உள்ள கொண்டு போனார், இன்னைக்கு கடையில தொங்குறது பெரும்பாலும் அந்த வம்சம்தான்.

ஆன்லைன்ல ரெண்டாயிரத்துக்குள்ள 60 லிட்டர், 70 லிட்டர்னு வர்ற நிறைய பேக்ல இந்த ஃப்ரேம் கிடையாது. ஃபோட்டோவுல ஜம்முனு இருக்கும், ஏன்னா உள்ள பேப்பர அடைச்சு எடுத்திருப்பாங்க. கண்டுபிடிக்குறது ஈஸி, காலி பேக்க தரையில நிக்க வச்சு மேல இருந்து உள்ளங்கையால அமுக்குங்க, கோணிச் சாக்கு மாதிரி மடங்கி உக்காந்துச்சுன்னா ஃப்ரேம் இல்ல. ஹிப் பெல்ட்டையும் தொட்டுப் பாருங்க. இடுப்பு ரெண்டு பக்கமும் வர்ற இடத்துல கெட்டியான பஞ்சு இருக்கணும். வெறும் ரெண்டு விரல் அகல நாடாவுல பக்கிள் மட்டும் தச்சிருந்தா அது பேக் ஆடாம இருக்கறதுக்கு, வெயிட் தாங்க அல்ல. 20 லிட்டர் சின்ன பேக்ல அப்படி இருந்தா பரவாயில்ல, 60 லிட்டர்ல இருந்தா விட்டுடுங்க.

இப்ப முதுகு அளவு. ஆறடி ஆளுக்கு லார்ஜ், அஞ்சடி ஆளுக்கு ஸ்மால்னு நினைச்சுக்குவாங்க, அது தப்பு. கால் நீளமா இருக்கற ஆறடி ஆளுக்கு முதுகு குட்டையா இருக்கலாம், அஞ்சரை அடி ஆளுக்கு அவரை விட நீளமான முதுகு இருக்கலாம். அளக்க டெய்லர் டேப் ஒண்ணு, கூட ஒரு ஆள், அவ்வளவுதான் வேணும். தலைய முன்னால குனிஞ்சு பின் கழுத்த தடவுங்க, கழுத்து முடிஞ்சு முதுகு ஆரம்பிக்குற இடத்துல ஒரு எலும்பு முட்டு பெருசா தட்டுப்படும், அதுதான் மேல் புள்ளி. அடுத்து ரெண்டு கையையும் இடுப்புல வைங்க, பஸ் வரலன்னா கடுப்புல நிப்போம்ல அந்த மாதிரி, கட்டை விரல் பின்பக்கம் இருக்கணும், இடுப்பெலும்போட மேல் விளிம்ப கை தொடணும். ரெண்டு கட்டை விரலையும் இணைக்குற கோடு முதுகெலும்ப எங்க தொடுதோ அது கீழ் புள்ளி. இப்ப நிமிர்ந்து நின்னு மேல இருந்து கீழ வரைக்கும் முதுகு வளைவோட டேப்ப ஒட்டி அளக்கச் சொல்லுங்க. பெரியவங்களுக்கு பொதுவா 40ல இருந்து 53 சென்டிமீட்டருக்குள்ள வரும். இந்த நம்பர எழுதி வச்சுக்கிட்டு கடைக்குப் போங்க. ஸ்மால், மீடியம்ங்கறது கம்பெனிக்கு கம்பெனி மாறும், சென்டிமீட்டர் மாறாது. சில பேக்ல முதுகுப் பக்கம் வெல்க்ரோவோ ஏணிப்படி மாதிரி வரிசையா நாடாவோ இருக்கும், தோள் ஸ்ட்ராப்ப மேல கீழ நகர்த்தி உங்க அளவுக்கு வச்சுக்கலாம், வீட்டுல அண்ணன் தம்பி மாத்தி மாத்தி எடுத்துட்டுப் போற பேக்னா இந்த டைப்தான் சரி.

பொண்ணுங்களுக்குன்னு தனியா வர்ற பேக் வெறும் பிங்க் கலர் விஷயம்னு நினைக்க வேண்டாம், நல்ல கம்பெனிகள்ல முதுகு நீளம் குறைவா, தோள் ஸ்ட்ராப் நெருக்கமா, மார்ப அமுக்காத வளைவோட இருக்கும், ஹிப் பெல்ட்டும் இடுப்பு சரிவுக்கு ஏத்த மாதிரி சாஞ்சிருக்கும். குறுகலான தோள் இருக்கற ஆம்பளைங்களுக்கும் சில நேரம் அதுதான் சேரும், யாரும் லேபிள பார்க்கப் போறதில்ல.

மாட்டுறதுலயும் ஒரு வரிசை இருக்கு. எல்லா ஸ்ட்ராப்பையும் முதல்ல லூஸ் பண்ணிடுங்க. பேக்க மாட்டுனதும் லேசா தோள தூக்கி, ஹிப் பெல்ட்டோட பஞ்சு இடுப்பெலும்பு மேல ஏறி உக்கார்ற மாதிரி வச்சு முதல்ல அத டைட் பண்ணுங்க, வயித்துல கட்டாதீங்க, மூச்சு முட்டும். அப்புறம் தோள் ஸ்ட்ராப்ப இழுங்க, ஒட்டுனா போதும், அமுக்கக் கூடாது. தோளுக்கு மேல ஸ்ட்ராப்ல இருந்து பேக்கோட மேல் பக்கத்துக்கு ஒரு சின்ன நாடா போகும், லோட் லிஃப்டர்னு சொல்வாங்க, பெரிய பேக்லதான் இருக்கும், அத இழுத்தா மேல் பாகம் முதுகோட வந்து ஒட்டும், கிட்டத்தட்ட 45 டிகிரி சாய்வுல இருந்தா சரியா இருக்குன்னு அர்த்தம். கடைசியா நெஞ்சுப் பட்டை, அது ரெண்டு ஸ்ட்ராப்பும் வெளிய நழுவாம இருக்க. அந்த பக்கிள உத்துப் பாருங்க, நிறைய பேக்ல அதுலயே ஒரு சின்ன விசில் இருக்கும், வழி தவறுனா கத்துறத விட அது தூரம் கேக்கும், பேக் வாங்கி வருஷக்கணக்கா ஆகியும் அது விசில்னே தெரியாதவங்க இருக்காங்க.

சரி, இப்ப லிட்டருக்கு வருவோம். எத்தனை நாள் போறோம்ங்கறத விட எங்க தூங்குறோம், என்ன சாப்பிடுறோம்ங்கறதுதான் லிட்டர முடிவு பண்ணுது. வெள்ளியங்கிரி ஏழு மலை ஏறுறீங்கன்னு வைங்க, வனத்துறை பிப்ரவரியில இருந்து மே வரைக்கும்தான் விடுவாங்க, நிறைய பேர் ராத்திரி ஏற ஆரம்பிச்சு காலையில உச்சிய பார்த்துட்டு இறங்கிடுவாங்க. கையில மூங்கில் தடி இருக்கும், சில இடத்துல பாறைய பிடிக்கணும், அதனால தோள்ல ஒரு பக்கமா தொங்குற பை சரிப்படாது, முதுகோட ஒட்டுற 20 லிட்டர் பேக் போதும். உள்ள என்ன போகும்? மேல அடிக்குற காத்துக்கு ஒரு ஜெர்க்கின், குல்லா, டார்ச், ரெண்டு லிட்டர் தண்ணி, கொஞ்சம் கடலை மிட்டாய், பேரீச்சம்பழம், ஒரு துண்டு. வழியில பாம்பாட்டிச் சுனை, கைதட்டிச் சுனைன்னு தண்ணி இருக்கற இடமும் உண்டு, கேன் கேனா சுமக்கத் தேவையில்ல. 2024 அக்டோபர்ல தமிழ்நாடு அரசு ட்ரெக் தமிழ்நாடுன்னு 40 வழிகள வகைப்படுத்தி ஆன்லைன் புக்கிங் ஆரம்பிச்சாங்கல்ல, அதுல போறவங்களுக்கும் பெரும்பாலும் இதே 20ல இருந்து 30 லிட்டருக்குள்ள வேலை முடிஞ்சிடும், கைடு கூட வருவார், அன்னைக்கே இறங்கிடுவோம்.

கொடைக்கானல், மூணாறு, வால்பாறைன்னு ரூம் போட்டு ரெண்டு மூணு நாள் சுத்துறதுக்கு 35ல இருந்து 45 லிட்டர். ட்ரெக்கிங்னு பெருசா இல்லாட்டியும் இங்க முதுகுப் பைதான் வசதி, ஹோம்ஸ்டே எல்லாம் ரோட்டுல இருந்து படி இறங்கியோ சரிவுல ஏறியோதான் இருக்கும், ட்ராலிய அந்த கல்லு மேல இழுத்துட்டுப் போறவங்கள பார்த்தா பாவமா இருக்கும். அரசு பஸ்ல சீட்டுக்கு மேல இருக்கற கம்பித் தட்டுலயும் 45 லிட்டருக்கு மேல போனா திணிக்க முடியாது. கொல்லிமலை மாதிரி இடத்துல 70 கொண்டை ஊசி வளைவுலயும் அந்த பேக் மடியில உக்காந்து வரும், யோசிச்சுக்கோங்க. ஃப்ளைட்ல போறதா இருந்தா உள்நாட்டு கேபின் பேக்கேஜ் பொதுவா 7 கிலோ, பேக்கே ரெண்டு கிலோ இருந்தா மிச்சம் அஞ்சுதான்.

டென்ட், ஸ்லீப்பிங் பேக், சமையல் சாமான் எல்லாம் நாமளே சுமக்குற பயணத்துக்குதான் 55, 65 லிட்டர். உண்மைய சொல்லணும்னா நம்ம ஆளுங்கள்ல பாதிப் பேர் வாழ்க்கையில ஒரு தடவை போகப்போற இமயமலை கேதார்காந்தா ட்ரெக்க நினைச்சு 65 லிட்டர் வாங்கிட்டு, அப்புறம் அதுல ஏற்காட்டுக்கு ரெண்டு டீ-ஷர்ட்ட போட்டுக்கிட்டு போறாங்க. பெரிய பேக்ல ஒரு குணம் இருக்கு, இடம் காலியா இருந்தா கை சும்மா இருக்காது, இன்னொரு ஜீன்ஸ், இன்னொரு செருப்புன்னு போட்டு ரொப்பிடுவோம். இமயமலைப் பக்கம் ட்ரெக் கூட்டிட்டுப் போற ஆளுங்க நிறைய பேர் பேக்க வாடகைக்கே குடுக்குறாங்க, டென்ட்டும் சாப்பாடும் அவங்களோடது, அதனால வருஷம் முழுக்க போறவங்களத் தவிர மத்தவங்க பெருச வாடகைக்கு எடுங்க, காச நல்ல 30, 40 லிட்டர்ல போடுங்க. என் கணக்கு அதுதான்.

எவ்வளவு இடம் வேணும்னு சந்தேகமா இருந்தா வீட்டுல 20 லிட்டர் பெயிண்ட் பக்கெட் காலியா கிடக்கும், எடுத்துட்டுப் போற சாமான் எல்லாத்தையும் அதுல அடுக்கிப் பாருங்க. ஒரு பக்கெட் ரொம்புச்சுன்னா 25 லிட்டர் பேக், ரெண்டு ரொம்புச்சுன்னா 45, அவ்வளவுதான் கணக்கு. கம்பெனிக்காரங்க சின்னச் சின்ன பிளாஸ்டிக் பந்த உள்ள கொட்டி அளக்குற முறை ஒண்ணு இருக்கு, ஆனா வெளிப் பாக்கெட்டையும் சேக்குறதா வேண்டாமாங்கறதுல ஆளுக்கு ஒரு கணக்கு, அதனால ஒரு கம்பெனி 40ம் இன்னொரு கம்பெனி 40ம் பக்கத்துல வச்சா ஒரே மாதிரி இருக்காது.

வெயிட் அளவுக்கு பொதுவா சொல்ற கணக்கு, ஒரு நாள் நடைக்கு உடம்பு எடையில பத்துல ஒரு பங்கு, பல நாள் பயணத்துக்கு அஞ்சுல ஒரு பங்குக்குள்ள. 60 கிலோ ஆளுக்கு 6 கிலோ, 12 கிலோ. தண்ணி ஒரு லிட்டர்னா ஒரு கிலோங்கறத மறந்துடாதீங்க, பேக்க ரெடி பண்ணி வெயிட் பார்த்துட்டு கடைசியில மூணு லிட்டர் தண்ணிய சேர்க்குறவங்க நிறைய.

துணி பத்தி பேசுனா டேக்ல 210 டி, 420 டி, 600 டின்னு போட்டிருக்கும். டின்னா டெனியர், 9000 மீட்டர் நூல் எத்தனை கிராம்ங்கற கணக்கு, நம்பர் கூடக் கூட நூல் தடிமன். ஆனா 600 பெருசு, 210 சின்னதுன்னு கண்ண மூடிட்டு முடிவு பண்ணாதீங்க, நைலான் ஒரே தடிமன்ல பாலியஸ்டர விட கிழியாம தாங்கும், அதனால நைலானா பாலியஸ்டரான்னும் சேர்த்துப் படிங்க. துணியில குட்டிக் குட்டிக் கட்டமா கோடு தெரிஞ்சா அது ரிப்ஸ்டாப், ஓட்டை விழுந்தாலும் அந்தக் கோடு தாண்டி கிழிசல் சுலபமா ஓடாது. எனக்குத் தெரிஞ்சு துணி கிழிஞ்சு செத்த பேக்க விட ஜிப் போய் செத்த பேக்தான் அதிகம், கடையிலயே மெயின் ஜிப்ப வளைவு வர்ற மூலையில பத்து தடவை இழுத்துப் பாருங்க, அங்கதான் சிக்கும். தோள் ஸ்ட்ராப் பேக்கோட சேர்ற தையலையும் உள்பக்கமா திருப்பிப் பாருங்க, குறுக்கும் நெடுக்குமா நெருக்கித் தச்சிருக்கணும்.

முதுகுப் பக்கம் வலை மாதிரி நெட்ட இழுத்துக் கட்டி, பேக்குக்கும் முதுகுக்கும் நடுவுல காத்து போற மாதிரி ஒரு டிசைன் வருது. நம்ம வெயிலுக்கு இது ரொம்ப நல்லது, சட்டை முதுகு முழுக்க ஒட்டாது. கெட்டது என்னன்னா பேக் ரெண்டு இன்ச் பின்னால தள்ளி நிக்கும், லோட் ஜாஸ்தின்னா பின்னால இழுக்குற மாதிரி இருக்கும். 30 லிட்டருக்கு நெட் எடுங்க, 60க்கு யோசிங்க.

மழை விஷயத்துலதான் எல்லாரும் ஏமாறுறது. வாட்டர் ரெசிஸ்டன்ட்னு போட்டிருந்தா தூறல் தாங்கும், அவ்வளவுதான், துணி தாங்குனாலும் தையல் ஓட்டை வழியாவும் ஜிப் வழியாவும் தண்ணி இறங்கும். ரெயின் கவர் கண்டிப்பா வேணும், ஆனா அதுவும் முதுகுப் பக்கத்த மூடாது, கொட்டுற மழையில உங்க முதுகுல வழியுற தண்ணி அப்படியே பேக்குக்குள்ள போகும். அதனால உள்ள ஒரு தடிமனான பெரிய கவர் விரிச்சு அதுக்குள்ள துணிய வச்சு வாய முறுக்கிக் கட்டிடுங்க. இதுக்கு கிழியுற சீப் கவர் வேண்டாம், நீலகிரியிலயும் கொடைக்கானல்லயும் ஒரு தடவை யூஸ் பண்ணித் தூக்கிப் போடுற பிளாஸ்டிக்குக்கு தடை, வெள்ளியங்கிரி அடிவாரத்துலயும் பைய தொறந்து பார்ப்பாங்க, திரும்பத் திரும்ப பயன்படுற, தண்ணி புகாத ட்ரை பேக் ஒண்ணு வாங்கி வச்சா பிரச்சினையே இல்ல. அதே காரணத்துக்காக பிளாஸ்டிக் பாட்டிலுக்கு பதிலா ஸ்டீல் பாட்டில்தான் எடுத்துட்டுப் போவோம், அதனால பக்கவாட்டு பாட்டில் பாக்கெட்ட கடையிலயே டெஸ்ட் பண்ணணும், ஒரு லிட்டர் ஸ்டீல் பாட்டில் முழுசா உள்ள போகுதா, பேக்க கழட்டாமயே கைய பின்னால விட்டு எடுக்க முடியுதா, குனிஞ்சா விழுதான்னு. எடுக்க கஷ்டமா இருந்தா தண்ணி குடிக்கறதையே தள்ளிப் போடுவோம், தலைவலி அதுலதான் ஆரம்பிக்கும்.

தொறக்குற விதம் ரெண்டு. மேல சுருக்குக் கயிறு போட்டு மூடி மடியுறது ஒண்ணு, சூட்கேஸ் மாதிரி முன்பக்கம் முழுசா ஜிப் தொறக்குறது இன்னொண்ணு. மலையில தூக்குறதுக்கு முதல் டைப் உழைக்கும், ஆனா அடியில இருக்கற சாக்ஸ எடுக்க மொத்தத்தையும் வெளிய கொட்டணும். ரூம் எடுத்து சுத்துறவங்களுக்கு ரெண்டாவதுதான் நிம்மதி. ஆகாய கங்கை மாதிரி அருவியில குளிக்குற ப்ளான் இருந்தா ஈரத்துணிக்கு தனி அறை இருக்கற பேக்கா பாருங்க, இல்லன்னா வெளிய நெட் பாக்கெட்டாவது இருக்கணும்.

அடுக்குறதுக்கு ரொம்ப ரூல் வேண்டாம், கனமானது நடுவுல முதுக ஒட்டி, போர்வை மாதிரி லேசானது அடியில, ரெயின் கோட்டும் டார்ச்சும் மேல. தின்பண்டத்த வெளிய தெரியுற மாதிரி கவர்ல தொங்க விடாதீங்க, குரங்குக்கு கவர் சத்தமே போதும்.

கடையில காலி பேக்க மாட்டிட்டு கண்ணாடி முன்னால நின்னு சூப்பரா இருக்குன்னு சொல்றதுல ஒரு பிரயோஜனமும் இல்ல, காலியா இருந்தா எல்லா பேக்கும் சூப்பர்தான். பெரிய ஸ்போர்ட்ஸ் கடையில டெஸ்ட் பண்ண வெயிட் மூட்டை வச்சிருப்பாங்க, இல்லன்னா அங்க இருக்கற டம்பெல்ல துணியில சுத்தி எட்டு கிலோ உள்ள போடச் சொல்லுங்க, போட்டுக்கிட்டு பத்து பதினஞ்சு நிமிஷம் நடங்க, படி இருந்தா ஏறி இறங்குங்க. சேல்ஸ் பையன் ஒரு மாதிரி பார்ப்பான், பார்த்துட்டுப் போகட்டும். ஆன்லைன்ல வாங்குனா டேக்க கிழிக்காம வீட்டுலயே அஞ்சு கிலோ அரிசிப் பைய உள்ள வச்சு மாடிப்படி ஏறிப் பாருங்க, ரிட்டர்ன் தேதிக்கு முன்னால பண்ணணும். தோள் ஸ்ட்ராப்புக்கும் தோளுக்கும் நடுவுல இடைவெளி தெரிஞ்சா பேக் உங்க முதுகுக்கு நீளம், ஹிப் பெல்ட் வயித்துக்கு மேல ஏறி நின்னா குட்டை, ரெண்டுல எது நடந்தாலும் எவ்வளவு ஆஃபர்ல கிடைச்சாலும் திருப்பி அனுப்பிடுங்க.

போயிட்டு வந்ததும் வாஷிங் மெஷின்ல மட்டும் போடாதீங்க. உள்பக்கம் தண்ணி புகாம இருக்க ஒரு பூச்சு இருக்கும், சோப்புத் தூளும் சுத்துற வேகமும் அத உரிச்சிடும். வியர்வை உப்பு படிஞ்ச ஸ்ட்ராப்ப மட்டும் ஈரத்துணியால துடைச்சு, நிழல்ல தலைகீழா தொங்க விட்டு நல்லா காய வைங்க. ஈரத்தோட சுருட்டி பரண்ல போட்டா, அதுவும் சென்னை மாதிரி ஊர்ல, சில வருஷத்துல அந்த பூச்சு பிசுபிசுன்னு ஒட்டி ஒரு புளிச்ச நாத்தம் அடிக்கும், வெள்ளை வெள்ளையா உதிர்ந்து துணியெல்லாம் ஒட்டும். அந்த நிலைக்கு வந்த பேக்க மழைக்கு நம்பாதீங்க, மார்க்கெட்டுக்கு காய் வாங்க எடுத்துட்டுப் போகலாம்.